கருவாடு வந்த வழி

சேசு மரி சூசை துணை

மிஸ்ராத்தா, லிபியா
6.9.1998

மதிப்பிற்குரிய ஜெரி அவர்களுக்கு,

எர்ணாவூர் தாமஸின் தங்கை கிறிஸ்டினா எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கே நான் சுகம். தாங்கள் சுகமா? அம்மாவுக்கு முழங்கால் வலி என்று அண்ணன் எழுதியிருந்தார். இப்போது தேவலையா?

நம் நிச்சயம் நடந்த கதையை அண்ணன் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெண் இல்லாமல் நடந்த நிச்சயம் அல்லவா! நாற்காலியில் என் போட்டோவை வைத்ததோடு விடாமல், என் அத்தை அதற்கு மாலை போடப் போய், "உயிரோட கீற பொண்ணுக்கு மாலை போடறியே, அறிவு கீதா உனக்கு?" என்று உங்கள் அம்மா பிடுங்கி வைத்தார்களாம். படித்துவிட்டு ஹாஸ்டல் அறையில் தனியாகச் சிரித்தேன். என் உயிரைக் காப்பாற்றியதற்கு அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நவம்பரில் கல்யாணம் என்று பேசியிருக்கிறார்கள். அதில்தான் ஒரு சங்கடம். இந்த நாட்டுக்குள் விமானம் வரவும் கூடாது, இங்கிருந்து கிளம்பவும் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை தடை போட்டு ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு விமானத்தில் குண்டு வெடித்து, அதிலிருந்த அத்தனை பேரும் செத்துப்போனார்கள். குண்டு வைத்தவர்கள் என்று இந்த நாட்டுக்காரர்கள் இரண்டு பேரைக் கேட்கிறார்கள். இவர்கள் தரமாட்டேன் என்கிறார்கள். கொடுக்கும் வரை விமானம் கிடையாது, விமானத்துக்கு உதிரி பாகம்கூடக் கிடையாது. ஊருக்கு வர வேண்டுமென்றால் கப்பலில் மால்டா தீவுக்குப் போய் அங்கே விமானம் ஏற வேண்டும். அந்தக் கப்பலில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆகவே நவம்பர் முடியாது. மன்னிக்க வேண்டும்.

எனக்கு இங்கே ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் நர்ஸ் வேலை. அரபியில் தாலாட்டுகூடப் பாடுவேன், ராகம் மட்டும் நம் ஊர் ராகம். ஹாஸ்டலுக்கு ஒரே போன், அதன் பின்னால் எப்போதும் ரேஷன் கடை வரிசை. கடிதமே நல்லது.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
கிறிஸ்டினா

*

பனைமரத்தொட்டி, ராயபுரம்
18.10.1998

அன்புள்ள கிறிஸ்டினா அவர்களுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே உங்கள் உடம்புக்கும் மனசுக்கும் குறையில்லாமல் இருக்க ராயப்பர் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மாலையைப் பிடுங்கியதற்கு நீங்கள் நன்றி சொன்னதைக் கேட்டதும் தெருமுனை வரை வேகமாக நடந்துபோய் நாலு வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

நீங்கள் மட்டும் தடைக்குள் இருப்பதாக நினைக்க வேண்டாம். நானும் இருக்கிறேன். மே மாதம் நம் நாடு அணுகுண்டு சோதனை செய்ததா, அமெரிக்காவும் ஜப்பானும் கோபித்துக்கொண்டு சில சாமான்கள் தரமாட்டேன், கடன் தரமாட்டேன் என்று நிறுத்திவிட்டன. அதற்கும் எங்கள் போட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. நான் என்ஜின் டிரைவராக இருக்கும் போட்டு, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, கறி, தண்ணீர் கொண்டுபோகும் பழைய போட்டு. ஆனால் எங்கள் முதலாளி இருக்கிறாரே, புதுக் கயிறு கேட்டால் "அமெரிக்கா தடைப்பா", மழைக்கோட்டு கேட்டால் "அமெரிக்கா தடைப்பா" என்கிறார். கயிறு விற்கும் கடை பக்கத்து மண்ணடியில் இருக்கிறது. தடை என்று ஒன்று வந்துவிட்டால் அதன் நிழலில் ஒதுங்குகிறவர்கள்தான் எத்தனை பேர்!

இந்த மாதம் மூன்றாவதாக ஒரு தடை வந்திருக்கிறது, வெங்காயத்துக்கு. வடக்கே மழையில் விளைச்சல் அழுகி, ஆப்பிளும் வெங்காயமும் ஒரே விலை ஆகிவிட்டது. டெல்லியில் தேர்தல் வேறு வருகிறது. வீட்டுக்கே இல்லை, வெளிநாட்டுக்கு எதற்கு என்று ஏற்றுமதியை நிறுத்திவிட்டார்கள். கப்பலுக்குக் கொடுப்பதும் ஏற்றுமதிதான் என்று படகுத்துறையில் நிற்கும் அதிகாரி எங்கள் மூட்டையை இறக்கிவிட்டார். கப்பலில் கிரேக்க நாட்டுச் சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் போட்டுக்குத் தலைவரான சாரங்கு வெள்ளத்துரை அவரிடம் தமிழிலேயே, "இன்னாத்துக்கு நைனா அழுவுற? வெங்காயம் இருந்தா அழுவலாம், இல்லாததுக்கா அழுவாங்கோ?" என்று கேட்டார். மறுநாள் அம்மா அதே வெங்காயத்தைத் தொக்காக வதக்கிக் கொடுத்தாள். அதிகாரி தன் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். வெங்காயம் என்று இருக்கிறது, தொக்கு என்று எங்கேயும் இல்லை. சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

தை மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா கேட்கிறாள். நீங்கள் சௌகரியம் பார்த்து எழுதவும். உங்கள் போட்டோ இப்போது மாலை இல்லாமல் பத்திரமாக இருக்கிறது.

என்றும் நலம் நாடும்,
ஜெரி

*

மிஸ்ராத்தா
15.11.1998

அன்புள்ள ஜெரி அவர்களுக்கு,

நலம். அங்கே மழை என்று கேள்விப்பட்டேன். தலையை நன்றாகத் துவட்டிக்கொள்ளுங்கள், முதலாளியின் மழைக்கோட்டை நம்பியிருக்க வேண்டாம்.

தொக்குக் கதையை ஹாஸ்டலில் எல்லோருக்கும் சொன்னேன். கேரளத்துச் சிஸ்டர் ஒருத்தி உங்கள் அம்மாவை ஐ.நா. சபைக்கு அனுப்பலாம் என்கிறாள்.

இங்கே எங்களுக்கு ஒரு சோதனை வந்து போயிற்று. குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிகளில் பல, விசிறி நின்றுபோய்ச் சூடு பிடிக்கவில்லை. மருந்துக்கும் ஆஸ்பத்திரிச் சாமானுக்கும் தடை இல்லைதான். ஆனால் விமானத்தில் வர முடியாது. கப்பலில் வருவதற்கோ, இது வேறு எதற்கும் பயன்படாது என்று பல மேசைகளில் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவரை குழந்தை காத்திருக்குமா? தாய்மாரை வரிசையாக உட்கார வைத்து, குழந்தைகளை அவர்கள் நெஞ்சோடு நெஞ்சாகச் சேர்த்துத் துணியால் சுற்றிக் கட்டினேன். டாக்டர் முதலில் முகம் சுளித்தார். அத்தனை குழந்தைகளும் பிழைத்துக்கொண்டன. இப்போது அவரே, வருகிற வருஷத்திலிருந்து வார்டுப் பொறுப்பை என்னிடம் தரப் பார்க்கிறார். எனக்குப் பெருமையாக இருக்கிறது, ஜெரி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தை மாதமும் கஷ்டம்தான். கப்பலில் இடமே இல்லை என்கிறார்கள்.

என்னை நீ என்றே எழுதலாம். வாங்க, போங்க என்று படிக்கும்போது ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் ஞாபகம் வருகிறது.

அன்புடன்,
கிறிஸ்டினா

*

ராயபுரம்
1.12.1998

அன்புள்ள கிறிஸ்டினா,

நீ என்று எழுத ஆரம்பித்துப் பேனா கொஞ்சம் தயங்கியது. இப்போது பழகிவிட்டது. நலம். உன் நலத்துக்குத் தினமும் ஜெபம் உண்டு.

வார்டு விஷயம் படித்தேன். சந்தோஷம்.

இங்கே வெங்காயம் கொஞ்சம் இறங்கி வருகிறது. காசிமேடு மீன் துறைமுகத்தில் இந்த வாரம் நெத்திலி குவிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது. தப்பாக நினைக்காதே. தடை போட்ட ஊரில் நீ என்ன சாப்பிடுகிறாயோ என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவ்வளவுதான், அன்றைக்கே வீடு கருவாட்டுக் கடை ஆகிவிட்டது. நெத்திலி, வஞ்சிரம், சென்னாக்குன்னி என்கிற பொடி இறால் கொஞ்சம், இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாவற்றையும் ஒரு புதுத் தகர டப்பாவில் அடைத்து, மூடியை ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறோம். "வாசனை வெளிய வந்துச்சுன்னா தொலைச்சுடுவேன்" என்று ஈயக்காரரை அம்மா மிரட்டினாள்.

டப்பா எப்படி வரும் என்று கேட்பாய். கிரானைட் கல் ஏற்றிக்கொண்டு இத்தாலிக்குப் போகும் கப்பல் ஒன்று இங்கே நிற்கிறது. வழியில் மால்டாவில் நிற்குமாம். அதில் சமையல் வேலை பார்க்கும் தூத்துக்குடி சவரிநாதன் எனக்குத் தோஸ்து. அவர் கையில் கொடுத்துவிட்டேன். வருமா வராதா, ராயப்பர் விட்ட வழி. அவரும் மீன் பிடித்தவர்தானே.

சாமியாரிடம் பேசினேன். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, சாம்பல் புதனுக்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிட வேண்டுமாம். அதை விட்டால் தவக்காலம் முடிந்து ஈஸ்டருக்குப் பிறகுதான். பிப்ரவரி தொடக்கத்தில் வரப் பார்.

ஆவலுடன்,
ஜெரி

*

மிஸ்ராத்தா
26.12.1998

அன்புள்ள ஜெரி,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உங்கள் வீட்டுக் கேக்கையும் அதிரசத்தையும் மனதால் தின்றேன். எனக்கு நேற்றும் வார்டில் வேலை. ரமலான் நோன்பு வேறு. எங்களுக்கு ஒரு அறையில் ஜெபம் செய்து பாட அனுமதி கொடுத்தார்கள். வார்டில் எலும்பு முறிந்து படுத்திருக்கும் ஒரு பையனின் மாவுக்கட்டில் நட்சத்திரம் வரைந்து கொடுத்தேன். அவன் அம்மா எனக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தாள்.

பார்சல் எல்லாம் எதற்கு? இங்கே சாப்பாட்டுக்குக் குறையில்லை. வெங்காயம் தாராளமாகக் கிடைக்கிறது, பொறாமைப்பட வேண்டாம். அந்த டப்பா வந்து சேராது. வானத்தில் வழியில்லை, கடலில் இடமில்லை, நடுவில் ஆயிரம் சோதனை. நம்மைப் போன்ற மனிதர்களே போக முடியவில்லை, கருவாடா வரப்போகிறது? அம்மாவின் உழைப்பு வீணாகப் போகிறதே என்றுதான் வருத்தம்.

பிப்ரவரியும் முடியும் என்று தோன்றவில்லை. கப்பல் டிக்கெட்டுக்கு எழுதி வைத்திருக்கிறேன். பார்க்கலாம்.

ஜனவரியிலிருந்து வார்டுப் பொறுப்பு என்னுடையது. போன கடிதத்தில் உங்கள் கருத்தைக் கேட்டிருந்தேன்.

அன்புடன்,
கிறிஸ்டினா

*

மிஸ்ராத்தா
10.1.1999

அன்புள்ள ஜெரி,

வந்துவிட்டது! உங்கள் கருவாடு வந்துவிட்டது! நலம் விசாரிக்கக்கூட மறந்து எழுதுகிறேன். நலம்தானே? அம்மா கையில் ஒரு முத்தம் கொடுங்கள்.

வாசலில் காவலாளி கூப்பிட்டு அனுப்பினார். மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, டப்பாவை ஒரு குச்சியால் தள்ளி என் பக்கம் நகர்த்தினார். ஈயக்காரரை அம்மா தொலைத்துவிடலாம் என்று சொல்லுங்கள், ஒரு மூலையில் கசிந்துவிட்டது. அறையில் திறந்ததும் கேரளத்துச் சிஸ்டர்கள் ஓடிவந்தார்கள், பிலிப்பைன்ஸ் சிஸ்டர்கள் அவர்களை முந்திக்கொண்டு ஓடிவந்தார்கள். எங்கள் வார்டு டாக்டர் எகிப்துக்காரர், அவர் காதில் விழுந்தால் திட்டுவாரோ என்று பயந்தேன். அவர் தட்டோடு வந்து நின்றார். அவர்கள் ஊரிலும் உப்பு மீன் உண்டாம், இதைவிட நாறுமாம், தன் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லி இரண்டு துண்டு எடுத்துப்போனார். நெத்திலி அன்றைக்கே காலி.

வந்த கதையைக் கேளுங்கள். சவரிநாதன் அண்ணன் மால்டாவில் இறங்கி, திரிபோலிக் கப்பலில் கேண்டீன் நடத்தும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். அவரே திரிபோலியில் எங்கள் ஆஸ்பத்திரி வண்டியைப் பிடித்து, அதிலேயே மிஸ்ராத்தா வரை ஏறி வந்துவிட்டார். நல்ல மனிதர். சாயங்காலம் மால்டாவில் ஏறினால் காலையில் திரிபோலியாம், வாரம் முழுக்கப் போய் வருகிறதாம். அன்றைக்குக் கப்பல் பாதி காலி. அதனால் டப்பாவுக்குத் தனியாக ஒரு பெர்த் கொடுத்துப் போர்வை போர்த்திப் படுக்க வைத்துக் கொண்டுவந்தேன் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

யாரும் எனக்காக இப்படி ஒரு காரியம் செய்ததில்லை, ஜெரி.

மிக்க அன்புடன்,
கிறிஸ்டினா

*

ராயபுரம்
31.1.1999

அன்புள்ள கிறிஸ்டினா அவர்களுக்கு,

நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கருவாடு வந்து சேர்ந்ததில் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். டப்பா பெர்த்தில் படுத்துக்கொண்டு வந்த இடத்தை மட்டும் படிக்கவில்லை.

நான் படகுக்காரன். கப்பல் போகும் வழி எனக்குக் கொஞ்சம் புரியும். ஒரு டப்பா படுத்து வந்த பெர்த்தில் ஒரு ஆள் படுத்து வர முடியாதா? பாதி காலியாக வருகிற கப்பல், திரும்பிப் போகும்போது மட்டும் நிரம்பி வழியுமா? இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டு போட்டு ஓட்டினேன். வெள்ளத்துரை, "இன்னா மாமு, என்ஜின் மேல கண்ணு இல்ல, எங்க கீது?" என்று கேட்டார்.

எங்கள் முதலாளிக்கு அமெரிக்கா கிடைத்த மாதிரி உங்களுக்கு ஐ.நா. சபை கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, அதை மறைக்கவும் தெரியவில்லை. நீங்களே எழுதியிருந்தீர்கள், அந்தத் தடைக்கு ஒரு காரணம் உண்டு, இரண்டு பேரைக் கேட்கிறார்கள் என்று. உங்கள் தடைக்கு என்ன காரணம்? நீங்கள் கேட்பது என்ன? சொன்னால்தானே தெரியும்.

என் முகம் பிடிக்கவில்லை என்றால் ஒரு வரி எழுதினால் போதும். அம்மாவிடம் பழியை ஐ.நா. மேலேயே போட்டுவிடுகிறேன், உங்கள் பெயர் கெடாது. சாம்பல் புதனுக்கு முன்னால் இனி முடியாது என்று சாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஜெரி

*

மிஸ்ராத்தா
21.2.1999

அன்புள்ள ஜெரி,

திரும்பவும் "அவர்கள்" ஆகிவிட்டேன். வேண்டியதுதான் எனக்கு.

உங்கள் கடிதம் வந்த அன்று, மாட்டிக்கொண்டோமே என்று முதலில் வெட்கம். பிறகு சிரிப்பு. கருவாட்டைப் புகழப் போய் என் குட்டை நானே உடைத்திருக்கிறேன். பிறகு அழுகை வந்தது. நான் சொன்னது பொய்தான். விமானத் தடை நிஜம், ரம்ஜான் பெருநாள் சமயத்தில் கப்பலில் இடம் கிடைக்காததும் நிஜம். மற்ற நாளெல்லாம் இடம் இருந்தது. நான் டிக்கெட்டுக்கு எழுதி வைக்கவே இல்லை.

காரணத்தைக் கேட்டீர்கள். சொல்கிறேன். நிச்சயத்தன்று உங்கள் அம்மா என் அண்ணனிடம், "கல்யாணம் ஆனா வேலைய உட்டுட்டு வூட்ல கீட்டும்" என்று சொன்னார்கள். அண்ணன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து எனக்கு எழுதினார். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பன்னிரண்டு பேர் படித்த வகுப்பில் ஊசி போடப் பயந்து அழுதவள் நான். இன்று ஒரு வார்டே என்னை நம்பிக் கண்ணை மூடித் தூங்குகிறது. அதை விட்டுவிட்டு வா என்றால் எதை விட்டுவிட்டு வர?

உங்கள் மனதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒவ்வொரு கடிதத்திலும் வார்டைப் பற்றி எழுதினேன். நான் குழந்தைகளைப் பற்றி எழுதினால் நீங்கள் வெங்காயத்தைப் பற்றி எழுதினீர்கள். "வார்டு விஷயம் படித்தேன், சந்தோஷம்" என்று ஒரு வரி. அதைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அதற்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன்.

உங்கள் முகம் எனக்குப் பிடித்திருக்கிறது. கடிதம் இன்னும் பிடித்திருக்கிறது. அதனால்தான் வரமாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லவும் வாய் வரவில்லை. நான் கேட்பது இதுதான்: வேலையை விடச் சொல்லாதீர்கள். முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள். ஐ.நா. சபையை நாம் இருவருமே விட்டுவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்டினா

*

ராயபுரம்
14.3.1999

அன்புள்ள கிறிஸ்டினா,

நலம். நீ இன்று தூங்கினாயா? முதலில் அதை எழுது.

அம்மா உன் அண்ணனிடம் அப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கையில் கேசரி இருந்தது. வாயைத் திறக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாய் எதற்குச் சண்டை என்று விட்டுவிட்டேன். உன் கடிதத்தில் வார்டு வரும் இடமெல்லாம் நெஞ்சில் குறுகுறுக்கும். உடனே வெங்காயத்துக்குத் தாவிவிடுவேன். நீ கப்பலுக்குப் பின்னால் ஒளிந்தாய், நான் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தேன். உன்னைக் கேள்வி கேட்ட எனக்கு என்ன யோக்கியதை? மன்னித்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றே அம்மாவிடம் பேசினேன். "ரெண்டு பேரும் வேலைக்குப் பூட்டா வூட்ட யார்ரா பாக்கறது? கலீஜாப் பூடும்" என்றாள். வீட்டை நான் கூட்டுகிறேன் என்றேன். "நீ கூட்டி கிழிச்ச" என்றாள். எனக்கும் வேகம் வந்துவிட்டது. அம்மா பேச்சை மாற்றும் வரை இந்த வீட்டுக்குள் மீன் வராது என்று தடை போட்டேன். காசிமேட்டுக்குப் பக்கத்தில் மீன் இல்லாத வீடு! அம்மா அசரவில்லை. "தவசு காலம்தானே? கறியோட மீனையும் உட்டா இன்னும் புண்ணியம்" என்று சொல்லிவிட்டு, என் சாப்பாட்டு கேரியரை நிறுத்திவிட்டாள். வெள்ளத்துரை தன் சோற்றில் பாதி கொடுத்து என்னைக் காப்பாற்றினார்.

இப்படியே ஒரு வாரம் போயிற்று. இருவரும் ரசம் சாதத்தை முறைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன்னிடம் காரணம் கேட்டேனே, அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "வூடு கலீஜாவறது கெடக்கட்டும்மா. நெஜமா இன்னாத்துக்கு பயப்படற?" என்று கேட்டேன்.

அம்மா முந்தானையை முறுக்கினாள். பிறகு சொன்னாள்: "வேலைய உடலன்னா அது திரும்ப லிபியாக்கு போவும். போறது உன்னியும் இஸ்துகினு பூடும். அங்கேர்ந்து வர்றதுக்கு பிளேனும் கெடயாது, ஒரு மண்ணும் கெடயாதுன்னு நீதானே படிச்சு காட்ன? அப்பால இந்தக் கெயவிக்கு யாருடா கீறாங்க?"

அவ்வளவுதான் விஷயம், கிறிஸ்டினா. அந்தத் தடையைப் பற்றி நீ எழுத எழுத, நான் படிக்கப் படிக்க, அம்மாவின் பயம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நான் எங்கேயும் போகமாட்டேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். உனக்கு டிசம்பர் வரை ஒப்பந்தம் என்று உன் அண்ணன் சொன்னார். கல்யாணம் முடிந்ததும் நீ போய் அதை முழுசாக முடித்துவிட்டு வா, நான் காத்திருக்கிறேன். பிறகு இங்கே வேலை செய். எனக்கு உன் வேலை பிடிக்கும். இதை நிச்சயம் நடந்த ஆகஸ்டிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நேற்று நடந்ததையும் கேள். நான் போட்டில் இருந்த நேரத்தில் அம்மா தானாக ரிக்‌ஷா பிடித்து, கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். "எம் மருமவளுக்கு வேலை கீதா?" என்று கேட்டிருக்கிறாள். அவள் என்ன படித்திருக்கிறாள் என்று மதர் கேட்டார்களாம். அம்மா சொன்ன பதில்: "படிப்பா? லிபியா நாட்ல பொட்டி கெட்டுப்போயி அம்மாம் புள்ளைங்களும் சாவக் கெடந்துச்சு. துணி சுத்தியே பொழைக்க வெச்சா எம் மருமவ. உங்க ஆஸ்பத்திரில அது மாதிரி யாருனா கீறாங்களா?" வருஷக் கடைசியில் வந்து பார்க்கச் சொன்னார்களாம். எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள், கேரியரில் வஞ்சிரம் வறுவலைப் பார்த்துத்தான் தடை நீங்கியது தெரிந்தது.

நீ வருவாயா? கட்டாயம் இல்லை. ஆசை உண்டு.

உன்,
ஜெரி

*

மிஸ்ராத்தா
6.4.1999

என் அன்பு ஜெரிக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். உயிர்த்த ஆண்டவர் உங்களுக்கும் அம்மாவுக்கும் எல்லா நலமும் தரட்டும். நன்றாகத் தூங்குகிறேன். உங்கள் கடிதம் பெரிய வியாழனன்று கிடைத்தது, அன்றைக்குத்தான் தூங்கவில்லை.

அம்மா மதரிடம் பேசியதை வார்டில் நின்றபடியே படித்தேன். ஊசிக்கு அழுதுகொண்டிருந்த பிள்ளைகள், சிஸ்டர் அழுவதைப் பார்த்துத் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு பேரையும் விசாரணைக்கு அனுப்பிவிட்டார்கள், நேற்று விமானத் தடையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஊரெல்லாம் வண்டி ஹாரன் சத்தம். மாவுக்கட்டுப் பையன்கூட ஜன்னலுக்குத் தூக்கிப் போகச் சொல்லி, வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஹாஸ்டலில் எல்லோரும் என்னிடம், இன்னும் கொஞ்சம் பொறு, விமானம் வந்துவிடும், சொகுசாகப் போகலாம் என்கிறார்கள்.

அவர்களுக்கு ஒன்று தெரியாது. போன சனிக்கிழமையே நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை உங்கள் கடிதம், வெள்ளி இங்கே அலுவலகங்கள் விடுமுறை, சனி காலை கப்பல் அலுவலகத்தின் கதவு திறக்குமுன் வாசலில் நான். அன்றைக்குத் தடை இருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ நீங்கிவிடும் என்று வரிசையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் காத்திருக்கவில்லை. தடை போன பிறகு வந்தால், தடை போனதால் வந்தாள் என்று ஆகிவிடும். எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிடக் கூடாது.

இம்மாதக் கடைசியில் கப்பல். மால்டாவில் விமானம், பம்பாய், பிறகு நம் ஊர். அண்ணனுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். ஓலை வாசிக்க ஆரம்பிக்கச் சொல்லுங்கள். நான் இல்லாமலே வாசிக்கட்டும், என் சம்மதம் இதில் இருக்கிறது.

அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். நானே தேய்த்துவிடுவேன் என்று சொல்லுங்கள். ஜனவரியிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்து தேய்ப்பேன்.

உங்களைப் பார்க்க வேண்டும், ஜெரி. ரொம்ப ஆசையாக இருக்கிறது.

உங்கள்,
கிறிஸ்டினா